கற்பனை மொழிக்கும் இலக்கணம் உண்டு

நுழையும்முன்

இலக்கணம் மொழிக்கு இடப்பட்ட தளையா? அல்லது மொழியை மொழியாக்கும் அடித்தளமா? இவ்வினாவுக்கு விடைகாண, எந்நாட்டிலும் பேசப்படாமல், தனி ஒருவரின் கற்பனையில் பிறந்த மொழி ஒன்றை இப்பாடம் ஆராய்கிறது. மொழிமுதல் எழுத்துகள், மொழியிறுதி எழுத்துகள், வேற்றுமை, பகுபத உறுப்புகள் பற்றி முன் வகுப்புகளில் கற்றவற்றை நினைவில்கொண்டு இதனைப் படிப்போம்.

மொழியைப் படைத்தவர்

ஆங்கில எழுத்தாளர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன் (1892–1973) ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலமும் இலக்கியமும் கற்பித்த பேராசிரியர். 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்னும் நெடும்புனைவால் உலகப்புகழ் பெற்றவர். அப்புனைவில் எல்ஃப்கள் எனப்படும் கற்பனை இனத்தார் பேசும் மொழிகளுள் தலைமையானது ‘க்வென்ய’.

பொதுவாக, எழுத்தாளர்கள் முதலில் கதையை அமைப்பர். பின்பு கதைமாந்தர்க்குப் பெயரும் பேச்சும் தருவர். டோல்கீன் இதற்கு மாறானவர். ஏறத்தாழ 1915ஆம் ஆண்டிலேயே அவர் க்வென்ய மொழிக்குச் சொற்பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டார். தம் மொழிகள் வாழ்வதற்கு ஓர் உலகம் தேவைப்பட்டதால்தான் கதைகள் பிறந்தன என்பது அவர்தம் கருத்து. மாணவப் பருவத்தில் கல்லூரி நூலகத்தில் கண்ட ஃபின்னிய மொழி இலக்கண நூல் அவரைப் பெரிதும் ஈர்த்தது. அம்மொழியின் ஓசையும் அமைப்பும் க்வென்ய மொழிக்கு முன்மாதிரிகளாயின.

ஒலிகளின் ஒழுங்கு

க்வென்ய மொழியில் அ, எ, இ, ஒ, உ என்னும் ஐந்து உயிர்களும் குறிலாகவும் நெடிலாகவும் வருகின்றன. மெய்யொலிகளோ எங்கும் தம் விருப்பம்போல் வருவதில்லை. சொல்லின் இறுதியில் உயிர் வரலாம். மெய் வருமாயின் ல், ன், ர், ஸ், த் ஆகிய ஐந்தே வரும். எலென் (விண்மீன்), இஸில் (நிலவு) ஆகிய சொற்களைச் சான்றாகக் காட்டலாம். நன்னூல் மொழியிறுதி எழுத்துகள் 24 என வரையறுப்பது இங்கு நினைவுகூரத்தக்கது. தமிழில் வல்லின மெய் சொல்லிறுதியில் வாராது. க்வென்ய மொழியில் தகர மெய் வரும். இரு மொழிகளின் விதிகளும் வேறு. ஆயினும் ‘இன்ன ஒலி இன்ன இடத்தில் வரும்’ என்னும் வரையறை இரண்டிற்கும் உண்டு.

மற்றொரு விதி மேலும் கவனிக்கத்தக்கது. ‘பல்’ என்னும் சொல்லின் பகரத்தையும் ‘அம்பு’ என்னும் சொல்லின் பகரத்தையும் ஒலித்துப் பார்ப்போம். முன்னது குரல்நாண் அதிராமல் பிறக்கும் வல்லொலி. பின்னது குரல்நாண் அதிரப் பிறக்கும் மெல்லிய ஒலி. க்வென்ய மொழியிலும் குரல்நாண் அதிரும் க, த, ப ஒலிகள் சொல்லின் முதலில் வருவதில்லை. அவை மெல்லின மெய்க்குப் பின்னரும், சில சொற்களில் ல், ர் ஆகியவற்றுக்குப் பின்னரும் மட்டுமே வரும். அங்க (இரும்பு), லம்பெ (மொழி), அல்த (மரம்) ஆகிய சொற்களில் உள்ள க, ப, த ஒலிகள் இவ்வகையின. இவற்றைத் தங்கம், அம்பு, பந்து ஆகியவற்றில் ஒலிப்பதுபோல் ஒலித்தல் வேண்டும். தமிழில் ‘அகம்’, ‘பதம்’ என உயிர்களுக்கிடையிலும் வல்லினம் மென்மை பெறும். க்வென்ய மொழியில் அவ்விடத்தில் இவ்வொலிகள் வருவதில்லை.

விதியின் பின்னே வரலாறு

சொல்முதலில் இவ்வொலிகள் வாராமைக்கும் டோல்கீன் காரணம் ஒன்றை அமைத்தார். வாழும் மொழிகள் ஒரு மூலமொழியிலிருந்து கிளைப்பதுபோல், தம் எல்ஃப் மொழிகளுக்கும் அவர் ஒரு மூலமொழியைக் கற்பித்தார். அதில் மரத்தைக் குறிக்கும் சொல் ‘கலதா’. இதன் முதல் ககரத்தைத் ‘தங்கம்’ என்பதன் ககரம்போல் ஒலிக்க வேண்டும். க்வென்ய மொழியில் இந்த முதல் ககரம் மறைந்தது, இடையிலிருந்த உயிர் கெட்டது, ஈற்று நெடில் குறுகியது, ‘அல்த’ என்றாயிற்று. கிளைமொழியான சிந்தாரினில் முதல் ககரம் நிலைத்தது, ஈற்று உயிர் கெட்டது, ‘கலத்’ என்றாயிற்று. இவ்வாறு, விதி என்று நாம் காண்பது நெடுங்கால மாற்றத்தின் விளைவாக அமைகிறது. கற்பனையே ஆயினும், அம்மாற்றம் ஒரு சொல்லில் மட்டும் நிகழாமல் ஒத்த சொற்கள் பலவற்றிலும் ஒரே முறையில் நிகழ்வதால் மொழி நம்பத்தக்கதாகிறது.

பெயரும் வேற்றுமையும்

க்வென்ய மொழியில் ‘கிர்ய’ என்றால் கப்பல். பெயரோடு உருபு சேரச் சேரப் பொருள் வேறுபடுவதைக் காண்க:

கிர்யனென் – கப்பலால்
கிர்யன் – கப்பலின்பொருட்டு
கிர்யன்ன – கப்பலை நோக்கி
கிர்யஸ்ஸெ – கப்பலில்
கிர்யல்லொ – கப்பலிலிருந்து

தமிழில் ‘கப்பலுக்குக் கொடி வாங்கினான்’, ‘கப்பலுக்குச் சென்றான்’ ஆகிய இரண்டிலும் ‘கு’ என்னும் ஒரே உருபு வருகிறது. க்வென்ய மொழியில் முன்னதற்கு ஓர் உருபும் பின்னதற்கு வேறோர் உருபும் உள்ளன.

எண்ணிலும் வேறுபாடு உண்டு. கிர்ய – ஒரு கப்பல்; கிர்யத் – இரு கப்பல்கள்; கிர்யர் – கப்பல்கள். வடமொழியில் உள்ளது போன்ற இருமை எண் இங்கும் உள்ளது. ‘கிர்யர்’ என்பதன் ரகர மெய் நம் பலர்பால் விகுதியை நினைவூட்டலாம். தமிழில் அது உயர்திணைக்கு உரியது; க்வென்ய மொழியிலோ கப்பலுக்கும் மரத்திற்கும் வரும்.

வினையின் உறுப்புகள்

‘வருவேன்’ என்னும் சொல்லைப் பிரித்தால் வா + வ் + ஏன் என அமையும். வா – பகுதி, ‘வரு’ எனத் திரிந்தது விகாரம். வ் – எதிர்கால இடைநிலை. ஏன் – தன்மை ஒருமை வினைமுற்று விகுதி. க்வென்ய மொழியில் ‘வருவேன்’ என்பதற்குரிய சொல் ‘துலுவன்’. இது துல் + உவ + ன் எனப் பிரியும். துல் – ‘வா’ என்னும் பொருள் தரும் பகுதி. உவ – எதிர்காலம் காட்டும் உறுப்பு. ன் – தன்மை ஒருமையைக் காட்டும் உறுப்பு. முன்னிலையில் மதிப்பிற்குரியவரை விளிக்க ‘ல்யெ’ என்றும், நெருங்கியவரை விளிக்க ‘த்யெ’ என்றும் விகுதிகள் உள்ளன. நீ, நீங்கள் என நாம் காட்டும் வேறுபாட்டை ஒத்தது இது.

ஒப்புமை உறவாகுமா?

இவ்வளவு ஒப்புமைகளைக் கண்டவுடன், ‘டோல்கீன் தமிழிலிருந்து எடுத்தார்’ என்று கூறத் தோன்றலாம். அவ்வாறு கூறுதல் பிழை. அவர் எடுத்துக்கொண்ட முன்மாதிரி ஃபின்னிய மொழி. ஃபின்னியமும் தமிழும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. எனினும், இரண்டும் பகுதியோடு உறுப்புகளை வரிசையாக ஒட்டிச் சொல்லாக்கும் ஒட்டுநிலை மொழிகள். ‘துலுவன்’ என்பதில் வகரமும் னகரமும் தோன்றியது தற்செயல். இரு மொழிகள் உறவுடையன என நிறுவ, ஒலிமாற்றம் பல சொற்களில் ஒரே முறையில் அமைந்திருத்தலைக் காட்ட வேண்டும். ‘அல்த’, ‘கலத்’ ஆகியவற்றின் உறவு அத்தகையது. ஓரிரு சொற்களின் ஓசை ஒற்றுமை சான்றாகாது. தமிழின் பெருமையைப் பேசும்போதும் இவ்வளவுகோலைக் கைவிடாதிருப்பதே மொழியறிவுக்கு அழகு.

தெரியுமா?

2015ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பாகுபலி’ திரைப்படத்தில் காலகேயர் பேசும் ‘கிளிக்கி’ மொழியை உருவாக்கியவர் தமிழ்ப் பாடலாசிரியர் மதன் கார்க்கி.

நிறைவாக

கற்பனையில் எதையும் படைக்கலாம், தடுப்பவர் இல்லை. அத்தகைய முழு உரிமை பெற்றிருந்த ஒருவர், தம் மொழிக்கு முதலில் தேடியது விதிகளையே. விதி இல்லாவிடின் ஒலிகள் இரைச்சலாகும். ஒருவர் கூறியதை மற்றவர் உணர வழியிராது. ஏறத்தாழ 60 ஆண்டுகள் அவர் அம்மொழியைத் திருத்திக்கொண்டே இருந்தார். முழுமை பெறுமுன் மறைந்தார். ஒலியும் சொல்லும் இலக்கணமும் வரலாறும் தந்த அவரால், தாலாட்டிலிருந்து அதனைக் கற்று வளரும் ஒரு மக்கள் கூட்டத்தைத் தர இயலவில்லை. நாம் ‘வருவேன்’ என்று எண்ணாமலே சொல்லும்போது பகுதியும் இடைநிலையும் விகுதியும் தத்தம் இடத்தில் வந்து நிற்கின்றன. அவற்றைக் கற்பதென்பது, நம் நாவில் முன்பே இருப்பதை அறிந்துகொள்வதாகும்.

கற்பவை கற்றபின்

1. ‘கடல்’ என்னும் சொல்லை எட்டு வேற்றுமைகளிலும் எழுதி, க்வென்ய மொழி தனித்தனி உருபுகளால் காட்டும் பொருள்களுள் தமிழில் ஒரே உருபு காட்டுவன எவை எனக் கண்டறிக.
2. கற்பனை மொழி ஒன்றுக்கு மொழிமுதல், மொழியிறுதி விதிகளை வகுத்து, அவற்றிற்கு இணங்கப் பத்துச் சொற்களை உருவாக்குக. அவற்றுள் விதியை மீறிய சொல் உண்டா என நண்பரைச் சரிபார்க்கச் செய்க.
3. ‘ஓசை ஒற்றுமை மொழியுறவுக்குச் சான்றாகுமா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.