காதாற் கண்ட ஆட்டம்

கண்ணாற் காண்பதற்கு ஒளி வேண்டும். காதாற் காண்பதற்கு நல்ல சொல் வேண்டும். வானொலியில் விளையாட்டு வருணனை கேட்டு மகிழ்ந்தோர் இதனை நன்கறிவர்.

வேலூருக்கு மேற்கே, பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரம் என்னும் பழம்பதி உள்ளது. அங்கே கோயில் கொண்டருளும் இறைவனுக்கு வழித்துணைநாதர் என்பது திருநாமம். அவ்வூரில் முதியவர் ஒருவர் வாழ்ந்தார். தோல் பதனிடும் தொழிற்சாலையில் பல்லாண்டு உழைத்தவர். சென்னைச் சேப்பாக்கத்து ஆடுகளத்தை ஒருமுறையேனும் அவர் கண்டதில்லை. எனினும், கூத்தபிரான், இராமமூர்த்தி, அப்துல் ஜப்பார் முதலியோர் வானொலியில் தமிழில் நிகழ்த்திய கிரிக்கெட் வருணனை அவருக்குக் கண்ணாகவும் வழித்துணையாகவும் விளங்கிற்று.

நல்ல வருணனையாளர் ஆட்டக்காரரைப் புகழ்வதோடு அமையார். பந்து எங்கே தரையிற் பட்டது, மட்டையாளர் காலை முன்வைத்தாரா பின்வைத்தாரா, தடுப்பவர் எத்திசையில் ஓடினார் என்பவற்றை முறையாகக் கூறி, அதன் பின்னரே முடிவை உரைப்பார். காணாத மக்கள் தம் சொல்லை நம்பியிருக்கின்றனர் என்பதை அவர் மறவார். ஆதலின் நிகழாததைக் கூட்டியுரையார்.

இக்கலை பிறந்து நூறாண்டு கடந்துவிட்டது. 1921 ஆகஸ்டு 5ஆம் நாள், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஹெரால்டு ஆர்லின் என்பவர் பேஸ்பால் ஆட்டமொன்றை முதன்முதலாக வானொலியில் வருணித்தார். பின்னர், 1958இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், ஆட்டத்தை நேரிற் காண வந்தவர்களும் சிறு வானொலிப் பெட்டிகளைக் கையோடு கொணர்ந்து வின் ஸ்கல்லியின் வருணனையைக் கேட்டனர். கண் தவறவிடுவதையும் நல்ல சொல் காட்டித் தரும் என்பதற்கு இது சான்றன்றோ?

ஒருநாள் மாலை, முதியவரின் பெயரன் பாலாற்று மணலில் விளையாடிவிட்டு வாடிய முகத்தோடு வந்தான்.

“தாத்தா, ஓர் ஓட்டத்தில் தோற்றுவிட்டோம். நான் மட்டும் முப்பது ஓட்டம் எடுத்தேன். தோல்விக்கு நான் காரணமல்லன்” என்றான்.

“தம்பி, கரையிலிருந்து நானும் பார்த்தேன். உன் தோழன் எறிந்த பந்து குச்சிகளைக் கடந்து ஓடியபோது அதன் பின்னே யார் நின்றார்?”

சிறுவன் தலை கவிழ்ந்தான். அங்கே நிற்க வேண்டியவன் அவனே.

முதியவர் கூறலானார்: “1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஐந்து நாள் ஆடின. ஆஸ்திரேலியா இரு முறையும் சேர்த்து எடுத்த ஓட்டங்கள் 744. இந்தியா எடுத்தவையும் 744. ஆட்டம் சமனாயிற்று. அந்த 745ஆம் ஓட்டம் எங்கே போயிற்று? ஐந்து நாளில் எவரோ ஒருவர் குனிந்து தடுத்த பந்தில் அது மறைந்திருக்கும். 1960இல் பிரிஸ்பேனிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஆஸ்திரேலியாவின் வெற்றிக்கு ஓர் ஓட்டமே வேண்டியிருந்தது. கயானாவில் பிறந்த இந்திய வழித்தோன்றலாகிய ஜோ சாலமன் பந்தை எடுத்தார். அவர் நின்ற பக்கத்திலிருந்து ஒரு குச்சியே கண்ணுக்குத் தெரிந்தது. அவர் எறி தவறவில்லை. மேற்கிந்தியத் தீவு அணி தோல்வியினின்று தப்பியது. குனிதல், எடுத்தல், எறிதல், துணைநிற்றல் ஆகிய அடிப்படைகளை நாள்தோறும் பழகியவருக்கே அந்நொடியில் கை நடுங்காது.”

மறுநாள் மாலை தோழன் எறிந்த பந்து மீண்டும் குறி தவறியது. சிறுவன் முன்னரே ஓடி, குச்சிகளின் பின்னே நின்று அதனைத் தடுத்தான். ஒருவரும் கைதட்டவில்லை. அப்போது கரையிலிருந்து ஒரு குரல் வானொலி முழங்குவதுபோல் எழுந்தது: “எறி தவறியது, ஆயினும் பின்னே ஒருவர் நிற்கிறார், பந்து தடுக்கப்பட்டது, ஓட்டம் இல்லை!”

சிறுவனின் முகம் மலர்ந்தது.

ஆரவாரம் பெறாத கடமைகளே பெருஞ்செயல்களைத் தாங்கி நிற்கின்றன. அவற்றைத் தவறாது செய்பவர் சிறந்த ஆட்டக்காரர். அவற்றைக் கண்டு, உள்ளவாறு எடுத்துரைப்பவர் சிறந்த வருணனையாளர்.