வீட்டிலேயே ஒரு காவடி

கேள்வி: ஆடிக் கிருத்திகைக்குக் காவடியைத் தானே செய்வேன் என்கிறான் எட்டு வயது மகன். கோணலாகிவிடாதா? கடையில் வாங்கிவிடலாமா? (ஒரு தாய், திருத்தணி)

பதில்: செய்யட்டும் அம்மா. தோளில் ஒரு தண்டு, அதன்மேல் ஒரு வளைவு. காவடியின் கட்டுமானம் அவ்வளவுதான். மூங்கில் சிம்பை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தால் ஒடியாமல் வளையும். பிளப்பதையும் சீவுவதையும் மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டுவதற்குச் சணல் போதும். கம்பி கழுத்தில் குத்தும். கோணலுக்கா பயம்? உங்கள் ஊரில் பேர்போனது புஷ்பக் காவடி. சாமந்திச் சரத்தை நெருக்கிச் சுற்றினால் எந்தக் கோணலும் மறைந்துவிடும். பார்க்க வேண்டியது எடையைத்தான்: மலைக்கோயிலின் 365 படி ஏறப்போகிறவன் அவன். முதலில் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். தோள் வலித்தால் அவனே அவிழ்த்து இலேசாக்கிக் கட்டுவான். கடைக் காவடியைப் பிரித்துக் கட்ட அவனுக்குத் தெரியாது.