கழற்ற யந்திரம், முடுக்கக் கை

நம் சங்க இதழில் சமையல் வருகிறது, ஸ்தல யாத்திரை வருகிறது, வைத்தியக் குறிப்புகள் வருகின்றன. "ஸார், கார் வைத்திருக்கிறவர்களுக்குப் பிரயோஜனமாக ஏதாவது எழுதுங்களேன்" என்று லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கும்போது ஓர் அன்பர் கேட்டார். ஏறக்குறைய 39 ஆண்டுகள் கிழக்கு ரயில்வேயின் லிலுவா பணிமனையில் நட்டும் போல்ட்டுமாகக் காலம் கழித்தவன் நான். எனக்குத் தெரிந்த விஷயம் அதுதான். ஆகவே அதையே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சம்பவம்.

சென்ற மழைக்காலத்தில் மகள், மாப்பிள்ளை, பேத்தி, நான் நால்வரும் பர்த்வானிலிருந்து துர்காபூர் எக்ஸ்பிரஸ் சாலை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். சிங்கூரைத் தாண்டியதும் பின்சக்கரம் பஞ்சர். மாலை ஏழு மணி, தூறல், பக்கத்தில் லாரிகள் பறக்கின்றன. மகளையும் பேத்தியையும் சாலையை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, காரோடு வந்த ஸ்பானரை நட்டில் மாட்டினேன். அசையவில்லை. மாப்பிள்ளை முயன்றார், அசையவில்லை. ஸ்பானர் மேல் நான் ஏறியே நின்றேன். நான்கு நட்டில் ஒன்றுதான் இளகியது.

இதற்குக் கணக்கு இருக்கிறது. என் எடை 70 கிலோ. ஸ்பானரின் நீளம் 30 சென்டிமீட்டர். ஏறி நின்றால் கிடைக்கும் முறுக்கு விசை சுமார் 206 நியூட்டன் மீட்டர். சிறிய கார்களின் வீல் நட்டுக்குக் கம்பெனி புத்தகம் சொல்வது பெரும்பாலும் 80 முதல் 110 நியூட்டன் மீட்டர்தான். அப்படியானால் அந்த நட்டுகள் எவ்வளவு முடுக்கப்பட்டிருக்க வேண்டும்! பத்து நாள் முன்பு ஒரு டயர் கடையில் சக்கரங்களை மாற்றிப் போட்டிருந்தோம். பையன் ஏர் கன்னை வைத்து 'டர்ர்ர்' என்று நாலு நொடியில் ஒரு சக்கரத்தை முடித்தான். "நல்ல டைட் காக்கு, பயமே வேண்டாம்" என்று வங்காளத்தில் சொன்னது ஞாபகம் வந்தது.

கடைசியில் ஒரு லாரி டிரைவர் நிறுத்தி, ஒரு மீட்டர் நீளப் பைப்பை ஸ்பானரில் செருகித் திருகினார். இரண்டு நட்டு கழன்றது. மூன்றாவதில் ஸ்டட்டே முறிந்தது. மிச்சம் மூன்று நட்டில் ஸ்டெப்னியை மாட்டி, டங்குனி வரை ஊர்ந்து போய் ஒரு பட்டறையில் ஸ்டட் மாற்றினோம். நான்கில் இரண்டு முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிரவு தூக்கமே வரவில்லை.

மறுநாள் மற்ற சக்கரங்களைச் சோதித்தேன். ஒரு நட்டு பாறை மாதிரி. பக்கத்து நட்டு கைவிசைக்கே இளகியது. ஒரே கை, ஒரே கன், ஒரே சக்கரம். இதுதான் பாடம்.

போல்ட் என்பது ஒரு ஸ்பிரிங்

நட்டை முடுக்கும்போது போல்ட் மிகச் சிறிதளவு நீளுகிறது. நீண்ட போல்ட் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் சக்கரத்தைப் பிடித்து வைக்கிறது. குறைவாக முடுக்கினால் பிடிப்பில்லை. அளவுக்கு மீறினால் ஸ்பிரிங் செத்துவிடும், அதாவது போல்ட் நீண்டது நீண்டதாகவே நின்று, பிறகு ஒருநாள் முறியும்.

நாம் கொடுக்கும் விசையில் ஏறத்தாழ பாதி, நட்டின் முகம் உரசுவதிலேயே போகிறது. இன்னும் 40 சதவிகிதம் மரையில் உரசுவதில் போகிறது. மீதி 10 சதவிகிதம்தான் பிடிப்பாக மாறுகிறது. ஆகவே துருவோ மணலோ இருந்தால் ஸ்பானருக்கு டைட்டாகத் தெரியும், உள்ளே பிடிப்பு இராது. எண்ணெய் பூசிவிட்டு அதே விசை கொடுத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். புத்தகம் வேறுவிதமாகச் சொன்னாலொழிய, வீல் ஸ்டட்டைத் துடைத்து உலர்ந்த மரையில்தான் முடுக்க வேண்டும்.

இம்பாக்ட் கன்னுக்குள் ஒரு சிறு சுத்தியல் சுழன்று நொடிக்குப் பல முறை அடிக்கிறது. அதனால்தான் பிடித்திருக்கும் கைக்குச் சிரமம் தெரிவதில்லை. சிரமம் தெரியாததால் எங்கே நிறுத்துவது என்றும் தெரிவதில்லை. இன்று கடையில் கிடைக்கும் அரை இஞ்சு பாட்டரி கன்கள் பல, 300 நியூட்டன் மீட்டரைச் சுலபமாகத் தாண்டும்.

கையும் குற்றமற்றதல்ல

இதைப் படித்துவிட்டு 'அந்தக் காலத்துக் கைவேலைதான் உசத்தி' என்று நான் சொல்லப் போவதாக நினைக்க வேண்டாம். வேலையில் சேர்ந்த சில ஆண்டுகளில், நண்பர் ஒருவரின் மாருதி 800க்கு ஸ்பார்க் பிளக் மாற்றினேன். பணிமனையில் இரும்போடு பழகிய கை. அலுமினியத் தலையில் இருக்கும் மரை அது என்பதை மறந்து, கடைசியில் ஓர் அழுத்து அழுத்தினேன். 'சரக்' என்று இளகிவிட்டது. மரை போன நட்டைப் பற்றி நம்மூரில் கேலி உண்டே, அந்த நிலைமை எனக்கு. புது மரை போட்டுக் கொடுக்க என் அரை மாதச் சம்பளம் போயிற்று. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. அன்று என் கையில் யந்திரம் இல்லை, கர்வம்தான் இருந்தது.

இன்னொரு கைத்தவறு அளவு மாற்றிப் போடுவது. நம் உத்தரபாராவில் 2014 மே மாதம் வரை தயாரான அம்பாஸடர், பிரிட்டிஷ் மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வாரிசு. அதில் இஞ்சு அளவு நட்டுகள். 1990களில் வந்த இசுசு எஞ்சினிலோ மில்லிமீட்டர். முக்கால் இஞ்சு என்பது 19.05 மில்லிமீட்டர், 19 நம்பர் ஸ்பானர் ஏறக்குறைய பொருந்திவிடும். ஆனால் அரை இஞ்சு 12.7, அதில் 13 நம்பரை மாட்டினால் ஆட்டம் காணும், நட்டின் மூலை மழுங்கும். பழைய காருக்கு மல்லிக் பஜாரில் சாமான் தேடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கன்னில் இந்தத் தவறைச் செய்தால் ஒரே நொடியில் நட்டு உருண்டை ஆகிவிடும்.

எதற்கு எது?

என் வழக்கத்தைச் சொல்கிறேன்.

1. கழற்றுவதற்கு யந்திரம் நல்லது. கல்கத்தா மழையில், முழங்கால் தண்ணீரில் நின்ற காரின் துருப்பிடித்த நட்டுக்கு, பைப் போட்டு இழுப்பதைவிடக் கன்னின் சிறு அடிகள் மேல். முதல் நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வைத்தால் இன்னும் நல்லது. பிறகு துடைத்துவிட வேண்டும்.

2. மாட்டும்போது முதல் மூன்று நான்கு சுற்று விரலால் மட்டுமே. மரை குறுக்கே ஏறினால் விரலுக்குத் தெரியும், யந்திரத்துக்குத் தெரியாது.

3. கடைசி முடுக்கம் டார்க் ரெஞ்சால். புத்தகத்தில் உள்ள எண்ணை வைத்து, சக்கரம் தரையைத் தொட்ட பிறகு, எதிரெதிர் நட்டாக முடுக்க வேண்டும். 'டக்' என்றதும் நிறுத்த வேண்டும். இன்னொரு 'டக்' கூடாது. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை சரிபார்க்கவும். அந்த ரெஞ்சால் ஒருபோதும் கழற்றக் கூடாது. வேலை முடிந்ததும் அளவைக் குறைத்து வைக்கவும்.

4. ஸ்பார்க் பிளக், ஆயில் வடிக்கும் பிளக், பிளாஸ்டிக் கிளிப், சிறு ஸ்குரூ: இவற்றின் பக்கம் கன்னைக் கொண்டுபோகவே வேண்டாம்.

5. கன்னுக்கு அதற்கென்று உள்ள கறுப்பு ஸாக்கெட்தான். பளபளக்கும் சாதாரண ஸாக்கெட் வெடித்துத் தெறிக்கும்.

6. கண்ணாடி அணியாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். வேட்டி, துண்டு, தொளதொள கையுறை அணிந்து டிரில்லைப் பிடிக்காதீர்கள், சுற்றி இழுத்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கவே கூடாது.

டயர் கடைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. அந்தப் பையனைத் திட்டிப் பயனில்லை. நாளைக்கு எத்தனை சக்கரம் என்று அவனுக்கும் கணக்கு உண்டு. "தம்பி, கன்னால் லேசாக நிறுத்து, கடைசியில் கையால் டார்க் ரெஞ்ச் போடு" என்று அன்பாகச் சொன்னால் செய்வான். வீட்டுக்கு வந்ததும் காரில் உள்ள ஸ்பானராலேயே எல்லா நட்டும் உங்களால் இளக்க முடிகிறதா என்று பார்த்து, மறுபடி சரியான அளவுக்கு முடுக்கி வையுங்கள். நடுச்சாலையில் தெரிந்துகொள்வதைவிட வாசலில் தெரிந்துகொள்வது மேல்.

எனக்கு இப்போது வலது தோள் முன்போல் தூக்க வராது. போன பூஜை சமயம் மாப்பிள்ளை சாந்தினி சௌக்கிலிருந்து ஒரு பாட்டரி கன் வாங்கி வந்து, "மாமா, இனிமேல் நீங்கள் ஏறி நிற்க வேண்டாம்" என்றார். முதலில் எனக்குச் சற்று முகம் சுருங்கியது உண்மை. இப்போது கழற்றுவதெல்லாம் அதில்தான். முடுக்கும்போது பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து 'டக்' சத்தங்களை எண்ணுகிறாள். நாலு சக்கரம், பதினாறு டக். ஒன்று குறைந்தாலும் என்னை விடுவதில்லை.