வண்டி ஏன் திரும்ப மறுக்கிறது?

பெரிய நிக்கோபார் தீவின் கிழக்குக் கரையில் உள்ள சிற்றூர் கேம்பல் பே. 1969ஆம் ஆண்டு முதல் முன்னாள் படைவீரர்களின் குடும்பங்கள் இங்குக் குடியமர்த்தப்பட்டன. பஞ்சாபியர் மிகுதியாக வந்த அக்குடியேற்றத்தில் தமிழரும் இருந்தனர். பின்னர்ப் பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

இவ்வூரில் வண்டி பழுதானால், பழுதைவிடப் பெரிய துன்பம் உதிரிப்பாகத்திற்காகக் காத்திருத்தலே. சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்குக் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட அந்நகரிலிருந்து கேம்பல் பேக்கு மேலும் ஏறத்தாழ 540 கிலோமீட்டர் கடல்வழி உண்டு. கடல் கொந்தளித்தால் அந்தப் பயணமும் தள்ளிப்போகும். பெருநகரப் பட்டறையில் "பம்பை மாற்றிப் பார்ப்போம்" என்று சொல்லிவிடலாம். தீவில் அப்படிச் சொல்ல இயலாது. தவறான பாகத்தை வரவழைத்துவிட்டால் பணமும் போகும். வாரக்கணக்கில் வண்டியும் நின்றுவிடும். நோயாளியை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்லவும் அந்த ஒரு வண்டியையே நம்பியிருக்கும் வீடுகள் உள்ளன.

பழைய வண்டிகளில் அடிக்கடி தொல்லை தருவது பவர் ஸ்டியரிங். அதன் அமைப்பை அறிந்தால் பழுதைக் கண்டறிவது கடினமன்று. எஞ்சினோடு பெல்ட்டால் இணைக்கப்பட்ட பம்ப் ஒன்று, சிறு கிண்ணத்திலுள்ள எண்ணெயை உறிஞ்சி, மிகுந்த அழுத்தத்துடன் குழாய் வழியே ஸ்டியரிங் பெட்டிக்குள் செலுத்துகிறது. சக்கரம் முழுதும் திரும்பும் நிலையில் இவ்வழுத்தம் ஒரு சதுர அங்குலத்திற்கு 1000 பவுண்டையும் கடக்கும். ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பெட்டியிலுள்ள வால்வு, வலப்புறமோ இடப்புறமோ எண்ணெயைத் திறந்துவிடுகிறது. கையின் வலிமையோடு எண்ணெயின் வலிமையும் சேர்வதால் சக்கரம் எளிதாகத் திரும்புகிறது. அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926ஆம் ஆண்டில் இத்தகைய கருவியை ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். ஆயினும் கடையில் விற்கும் காரில் அது இடம்பெற 1951ஆம் ஆண்டின் கிறைஸ்லர் இம்பீரியல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று நம் தமிழ்நாட்டின் விராலிமலையிலும் பவர் ஸ்டியரிங் பாகங்கள் செய்யப்படுகின்றன.

எண்ணெயின் துணை நின்றுபோனாலும் ஸ்டியரிங்குக்கும் சக்கரங்களுக்கும் இடையேயுள்ள இரும்பு இணைப்பு அறுவதில்லை. வண்டி திரும்பும், ஆனால் மிகவும் கனக்கும். விரைந்து செல்லும்போது அக்கனம் அவ்வளவாகத் தெரியாது. மெதுவாகச் செல்லும் மலை வளைவில் எஞ்சின் திடீரென நின்றால்தான் இடர். இதை அறியாத ஓட்டுநர், ஸ்டியரிங் பூட்டிக்கொண்டது என அஞ்சிக் கையை விட்டுவிடுவார். இரு கைகளாலும் இறுகப் பற்றித் திருப்பினால் வண்டி திரும்பும் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

தேர்ந்த மெக்கானிக் முதலில் திறப்பது எஞ்சின் மூடியை அன்று. முன்டயர்களின் காற்றையே அவர் அளக்கிறார். காற்றுக் குறைந்த டயர், பழுதற்ற ஸ்டியரிங்கையும் கனக்கச் செய்யும். அடுத்து பெல்ட். பெருவிரலால் அழுத்தும்போது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அது தாழ்ந்தால் தளர்ந்துள்ளது எனலாம். ஸ்டியரிங்கை முழுதும் திருப்பும்போது கீச்சென்னும் ஒலி எழுந்தாலும் ஐயம் பெல்ட்டின் மீதே விழும். மழை மிகுந்த இத்தீவில் நனைந்த பெல்ட்டும் வழுக்கும்.

பிறகு எண்ணெய். அளவு குறைந்திருந்தால் அது எங்கோ கசிகிறது. ஊற்றி நிரப்புவதோடு வேலை முடியவில்லை. எண்ணெய் கறுத்துத் தீய்ந்த மணம் வீசினால் நெடுங்காலமாக மாற்றப்படவில்லை என்று பொருள். பால்போல் நுரைத்திருந்தால் காற்றுப் புகுந்துள்ளது. கிண்ணத்திலிருந்து பம்புக்குச் செல்லும் உறிஞ்சு குழாய் வெடித்திருந்தால், தரையில் ஒரு துளியும் சிந்தாமலே காற்று உள்ளே நுழைந்துவிடும். அப்போது பம்ப் முனகும். முனகலைக் கேட்டவுடன் பம்பைக் குற்றவாளியாக்குவது பலரும் செய்யும் பிழை. சில நூறு ரூபாய்க் குழாய்க்காகப் பல ஆயிரம் ரூபாய்ப் பம்ப் கப்பலேறி வருவது இப்படித்தான்.

கசிவைத் தேடும்போது எஞ்சின் ஓடினால் குழாயைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. நுண்ணிய துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். அட்டைத்துண்டை நீட்டிப் பார்ப்பதே முறை. கடையில் உரிய எண்ணெய் இல்லையென்று பிரேக் எண்ணெயை ஊற்றுவதும் தவறு. அது உள்ளிருக்கும் ரப்பர் வளையங்களை உப்பச் செய்து கெடுத்துவிடும்.

கனம் எப்பக்கம் உள்ளது என்பதும் ஒரு சான்று. ஒரு பம்பே இருபுறத்திற்கும் எண்ணெய் தருகிறது. ஆகவே வலப்புறம் எளிதாகவும் இடப்புறம் கனமாகவும் இருந்தால், பழுது பெரும்பாலும் பெட்டியின் வால்விலேயே இருக்கும்.

கடலோர ஊருக்கென்றே ஒரு சோதனையும் உண்டு. எஞ்சினை நிறுத்தி, முன்சக்கரங்களை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகள் வைத்தபின் ஸ்டியரிங்கை மெல்லத் திருப்புகின்றனர். சக்கரங்கள் தரையைத் தொடாதபோதும் ஓரிடத்தில் பிடித்துப் பிடித்துத் திரும்பினால், குற்றம் எண்ணெயில் இல்லை; ஸ்டியரிங் தண்டின் மூட்டு துருப்பிடித்திருக்கலாம். உப்புக்காற்று இம்மூட்டுகளையும் அழுத்தக் குழாயின் இரும்புப் பகுதியையும் அரித்துவிடுகிறது. துருவகற்றி, மசகிட்டால் தீரும் பழுதுக்குக் கப்பலை எதிர்நோக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் பார்த்த பின்னரே அழுத்தமானியைப் பொருத்திப் பம்பைச் சோதிக்க வேண்டும். அப்போதும் மானியின் வால்வை ஐந்து நொடிக்கு மேல் மூடி வைத்தால், நல்ல பம்பும் சூடேறிக் கெடும். போதிய அழுத்தம் எழவில்லையெனில், அன்றுதான் பம்புக்குப் பணம் அனுப்பலாம்.

பயிற்சி

1. ஒரு ஜீப்பின் ஸ்டியரிங் இருபுறமும் கனக்கிறது. பம்ப் முனகுகிறது, எண்ணெய் நுரைத்துள்ளது, தரையில் கறை இல்லை. மெக்கானிக் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? காரணத்துடன் எழுதுக.

2. பழுதான வண்டியைப் பற்றிச் சென்னையிலுள்ள கடைக்காரருக்கு ஒரு கடிதம் எழுதுக. செய்த சோதனைகளை வரிசையாகக் கூறி, வேண்டிய பாகம் எதுவென்று அதில் குறிப்பிடுக.

3. உங்கள் வீட்டிலோ தெருவிலோ வண்டி ஓட்டும் பெரியவர் ஒருவரிடம் பேசி, பழுதுகளுக்கு அவர் வழங்கும் தமிழ்ச் சொற்கள் ஐந்தினைத் தொகுத்து எழுதுக.