எழுத்துலக விளையாட்டுகளில் ஆடை வருணனை

“ஆள் பாதி, ஆடை பாதி” என்பது நாட்டில் வழங்கும் பழமொழி. கண்ணாற் காணும் உலகில் இதன் உண்மையை மறுப்பார் இலர். ஒருவர் வாய் திறந்து பேசுமுன்னரே அவர் உடை அவரைப்பற்றிப் பேசிவிடுகின்றது. ஆயின், உருவும் நிறமும் அற்று, எல்லாம் எழுத்தாகவே அமைந்த ஓர் உலகில் ஆடைக்கு என்ன வேலை உண்டு? அதனைக் காண்பவர் யாவர்? காண்பவர் எதனைக் கருத்திற் கொள்வர், எதனைக் கைவிடுவர்? எழுத்தால் நிகழும் விளையாட்டுகளைக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அவ்விளையாட்டுகளின் இயல்பினை அறிதல் வேண்டும். கணிப்பொறித் திரையில் படம் ஒன்றும் தோன்றாது. ஆடுவோன் நிற்கும் இடத்தைப் பொறி சில வாக்கியங்களிற் கூறும். “வடக்கே செல்”, “விளக்கை எடு” என்று அவன் தட்டச்சிட்டால், அதனால் விளைந்ததையும் பொறி எழுத்தாலேயே கூறும். ஆடுவோன் கூற்றெல்லாம் ஏவல் வினை; பொறியின் மறுமொழியெல்லாம் “நீ” என்னும் முன்னிலை. வில்லியம் கிரௌதர் என்பவர் இயற்ற, டான் உட்ஸ் என்பவர் 1977-இல் விரித்தமைத்த ‘அட்வென்ச்சர்’ இவ்வகைக்கு முன்னோடியாம். 1978-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி, ரிச்சர்டு பார்ட்டில் வளர்த்த ‘மட்’ என்னும் விளையாட்டில், பலர் ஒரே காலத்தில் ஒரே எழுத்துலகிற் புகுந்து உரையாடும் நிலை ஏற்பட்டது. அதன் வழிவந்தன பல. அவற்றுட் சிலவற்றில், ஒவ்வொருவரும் வேடமொன்று பூண்டு, அதற்கேற்பப் பேசியும் நடந்தும் கதை வளர்ப்பதே முதன்மை ஆயிற்று.

இவ்வுலகில் ஆடைக்குரிய நிலை தனிப்பட்டதாகும். தெருவில் எதிர்ப்படுவாரின் சட்டையை நாம் விரும்பினும் விரும்பாவிடினும் கண்டுவிடுகின்றோம். எழுத்துலகிலோ, எழுதப்படாத ஆடை இல்லாத ஆடையே. எழுதப்பட்டதும் பெரும்பாலும் ஒருவர் “பார்” என்று ஏவினாலன்றித் தோன்றாது. ஆகவே, அங்குக் காண்டல் என்பது படித்தலேயாம். படிப்பவருடைய பொறுமை எவ்வளவோ அவ்வளவே அங்கு ஆடைக்கு ஒளி.

மற்றொரு வேறுபாடும் உண்டு. மண்ணுலகில் பட்டிற்கு விலை மிகுதி. ஆதலின் பட்டுடுத்தாரை மதிப்போர் பலர். எழுத்துலகில் பட்டிற்கும் கந்தைக்கும் விலை ஒன்றே. ‘பட்டு’ என்பதும் மூன்றெழுத்து. ‘கந்தை’ என்பதும் மூன்றெழுத்து. நல்லுடை ஒன்றின்றிப் பிறர்முன் நாணி நிற்கும் ஏழையும் அங்கு நினைத்த அளவில் அரசனாகலாம். இது சிறிய விடுதலையன்று. ஆயினும், யாவர்க்கும் எளிதிற் கிடைக்கும் பட்டினால் எவர்க்கும் சிறப்பு உண்டாவதில்லை. அங்கு அரிய பொருள் பிறருடைய கவனம் ஒன்றே. அக்கவனத்தை எத்தகைய ஆடை பெறுகின்றது என்பதே நாம் காணவேண்டுவது.

ஒருவரே தனித்து ஆடும் விளையாட்டுகளை முதலில் நோக்குவோம். 1999-இல் ரோஜர் ஃபர்த் என்பவர் ‘இருளின் போர்வை’ எனப் பொருள்படும் பெயருடைய சிறு விளையாட்டொன்றை அமைத்தார். இத்தகைய விளையாட்டுகளை இயற்றுதற்குரிய கணிப்பொறி மொழிகளை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் மாதிரியாக அது பயன்பட்டது. அதில் உள்ளவை மூன்றே அறைகள்: ஒரு முன்கூடம், மேலாடை மாட்டும் அறை, மதுக்கூடம். ஆடுவோன் கரிய வெல்வெட் போர்வை ஒன்றை அணிந்திருக்கின்றான். மதுக்கூடத்துட் புகுந்தால் ஒரே இருள், ஒன்றும் தெரிவதில்லை. அவ்விருட்டில் தடுமாறித் திரிந்தால், தரையிற் பரப்பிய மரத்தூளில் எழுதியிருக்கும் செய்தி அவன் காலடியிலேயே அழிந்துபோம். தான் அணிந்துள்ள போர்வையே ஒளியை விழுங்குகின்றது என்று உணர்ந்து, அதனைக் கழற்றி அடுத்த அறையிலுள்ள பித்தளைக் கொக்கியில் மாட்டி வந்தால் இருள் நீங்கும், செய்தியும் தெளிவாகும். தொடக்கத்தில் அப்போர்வையின் கருமையை வெறும் அலங்காரமென்று கடந்து செல்பவன், அதுவே விளையாட்டின் திறவுகோல் என்று பின்னர் அறிகின்றான்.

டக்ளஸ் ஆடம்ஸும் ஸ்டீவ் மெரெட்ஸ்கியும் இயற்றி, இன்ஃபோகாம் நிறுவனத்தார் 1984-இல் வெளியிட்ட விளையாட்டிலும் இத்தகைய ஆடை ஒன்று உண்டு. ஆடம்ஸ் எழுதிய, விண்வெளிப் பயணம் பற்றிய நகைச்சுவைக் கதையைத் தழுவியது அது. தலைவலியோடு இருட்டறையிற் கண்விழிக்கும் நாயகனுக்கு வீட்டு அங்கி ஒன்று கிடைக்கின்றது. அதன் பையில் தலைவலி மாத்திரை இருக்கின்றது. பிறிதோர் இடத்தில், அவ்வங்கியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாலன்றிக் கிடைத்தற்கரிய ஒரு மீன் அகப்படாது. அங்கியின் நிறத்தை ஆடினோர் மறந்திருக்கலாம். அதன் பையையும் அது தொங்கிய கொக்கியையும் மறவார். ஆடையின் நிறமும் நெசவும் ஒரு செயலோடு பிணைக்கப்பட்டால் நினைவில் நிற்கும். பிணைக்கப்படாவிடின் நழுவும் என்பது இவ்விரண்டானும் பெறப்படுகின்றது.

இனிப் பலர் கூடி ஆடுவனவற்றிற்கு வருவோம். டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தார் ஐவர் 1990-ஆம் ஆண்டை ஒட்டி இயற்றிய ‘டிக்குமட்’ என்பது போர்த்தொழிலை முதன்மையாகக் கொண்டது. தலை, கழுத்து, உடல், கை, இடை, கால், விரல் என அணிவதற்கும் ஏந்துவதற்குமாக அதில் 18 இடங்கள் வகுக்கப்பட்டன. ஒருவரைப் “பார்” என்று ஏவினால், அவர் எவ்விடத்தில் எதனை அணிந்துள்ளார் என்னும் பட்டியல் வரும். அங்கு நோக்குவோன் கண் கணக்கன் கண்; ‘இக்கவசம் எத்தனை அடியைத் தாங்கும்? இது எங்கே கிடைக்கும்?’ என்பதே அவன் எண்ணம். மேலே போர்த்திய போர்வை உள்ளேயுள்ள கவசத்தை மறைப்பதுமில்லை. பட்டியல் இரண்டையும் ஒருங்கே காட்டிவிடும். மறைத்தலும் வெளிப்படுத்தலும் ஆடையின் உயிர். பட்டியலில் அவ்வுயிர் இல்லை. இக்குறையை உணர்ந்தே பிற்காலத்தார் சிலர், மேலாடை உள்ளாடையை மறைக்குமாறு தம் விளையாட்டுகளை அமைத்தனர்.

இதற்கு நேர்மாறானது, பாவெல் கர்ட்டிஸ் என்பவர் 1990-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் தொடங்கிய ‘லாம்டாமூ’. அங்குப் பட்டியல் இல்லை. ஒவ்வொருவரும் தம் தோற்றத்தைத் தாமே விரும்பியவாறு எழுதிக்கொள்ளலாம். எழுதாதவரைப் பார்த்தால், “தம்மை வருணித்துக்கொள்ள வேண்டிய ஆட்டக்காரர் ஒருவர்” என்னும் கருத்துடைய வாக்கியமே தோன்றும். இவ்வுரிமையைப் பலர் எவ்வாறு பயன்படுத்தினர்? மறைபொருள் நிறைந்தவராகவும் பேராற்றல் உடையவராகவும் தம்மைக் காட்டிக்கொண்டோர் எண்ணிறந்தோர் எனவும், பல வருணனைகள் எழுதியவர்தம் ஆசையின் நிறைவே எனவும் கர்ட்டிஸ் 1992-இல் எழுதிய கட்டுரையிற் குறித்துள்ளார். கரும்போர்வையுள் முகம் மறைத்து மூலையில் நிற்பவன் ஒருவனாயின், அவனை யாவரும் நோக்குவர். அறையிலுள்ளார் அனைவரும் அவ்வாறே நின்றால், எளிய பருத்திச் சட்டையோடு வருபவனே கண்ணிற் படுவான்.

காலமும் ஒரு காரணமாம். திரையில் எழுத்து மேன்மேலும் ஓடிக்கொண்டேயிருக்கும். முதற் சந்திப்பில் ஒருவர் வருணனையைப் படிப்பவர், அடுத்த முறை அவர் பெயரைக் கண்டதோடு நிற்பர். ஆதலின், ஒருவர் இடையில் உடை மாற்றினாலும் பிறர் அறிவதரிது. அறியச் செய்யும் வழி ஒன்றுண்டு: ஆடையைச் செயலிற் கலந்து கூறுதல். வேடவிளையாட்டில் ஒவ்வொருவரும் தம் பாத்திரத்தின் செயலைப் படர்க்கையில் எழுதும் வழக்கம் உண்டு. “அவன் புன்னகை செய்கின்றான்” என்று எழுதுவதற்குப் பதிலாக, “மழையில் நனைந்த சட்டைக் கையைப் பிழிந்துகொண்டே புன்னகை செய்கின்றான்” என்று எழுதினால், அவ்வாடையைத் தனியே பார்க்கவேண்டிய தேவையில்லை. படிப்போர் மனத்தில் அது தானே வந்து தங்கும்.

நல்லது எது, அல்லது எது என்பதை எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒருவர் தம்மை இங்ஙனம் வருணிக்கின்றார் என்க: “வானீலப் பட்டாடை, பொற்சரிகைக் கரை, முத்துப் பதித்த இடைக்கச்சு, மாணிக்கப் பொத்தான், மயிலிறகுத் தொப்பி, இவரைக் கண்டார் மயங்குவர்.” பிறிதொருவர் எழுதுவது: “கப்பல் தச்சர். முழங்கை வரை கீல் படிந்த சட்டை. வலக்கையில் மட்டும் தோலுறை. அதன் இணை இடைக்கச்சிற் செருகியிருக்கின்றது.” முன்னதைப் படித்து முடித்தபின் கேட்பதற்கு ஒன்றுமில்லை. பின்னதைப் படித்தவர், “ஐயா, ஒரு கையில் மட்டும் உறை ஏன்?” என்று வினவுவர், உரையாடல் அங்கேயே தொடங்கிவிடும். அணியிலக்கணத்தார், கருத்தோடு கூடிய அடைமொழியைப் பரிகரம் என்றும், கருத்துடை அடையணி என்றும் கூறித் தனியே சிறப்பித்தனர். பட்டும் முத்தும் ஈண்டு வெற்றடை; கீலும் ஒற்றையுறையும் கருத்துடை அடை. அன்றியும், “கண்டார் மயங்குவர்” என்பது எழுதுவோன் தன் எல்லையைக் கடந்து, படிப்போன் நெஞ்சிற்குக் கட்டளையிடுவதாகும். ஆடையைக் கூறும் உரிமை உடுத்தவர்க்கு உண்டு. மயங்குவதும் மயங்காமையும் பார்ப்பவர் உரிமை.

“இவையெல்லாம் வீண் ஆராய்ச்சி, வருணனையை யாரும் படிப்பதில்லை” என்று கூறுவாரும் உளர். அது பொருந்தாது. டிக்குமட்டின் வழிவந்த விளையாட்டுகள் பலவற்றில், ஒருவரை மற்றொருவர் பார்த்தவுடன், “இன்னார் உன்னை நோக்குகின்றார்” என்னும் செய்தி பார்க்கப்பட்டவருக்குச் செல்லும். அச்செய்தி வந்தபோது, ‘நான் இங்கு இருக்கின்றேன், என்னைக் காண ஒருவர் நின்றார்’ என்னும் உணர்ச்சி உண்டாகின்றது. உடலற்ற அவ்வுலகில் சொல்லே உடல். அச்சொல்லைப் படிப்பதே ஒருவரை மதித்தலாகும்.

இதனினும் வலிய காரணம் ஒன்றுண்டு. படங்கள் நிறைந்த விளையாட்டுகள் பெருகிய இக்காலத்தும், எழுத்து விளையாட்டுகளை விரும்பி ஆடுவோருட் பார்வையற்றோர் பலர் உளர். திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கிப் படிக்கும் மென்பொருள் அவர்க்குத் துணையாகின்றது. நாள்தோறும் தம்மோடு பழகுவோர் என்ன உடுத்துள்ளார் என்பதை மண்ணுலகில் அவர்க்கு எடுத்துச் சொல்வார் அரியர். எழுத்துலகிலோ அவ்வாடை அவர்க்கும் பிறர்க்கும் ஒரே சொற்களால், ஒரே அளவாகக் காட்டப்படுகின்றது. அங்குக் கண்ணுடையார் கூடுதலாகக் காண்பது ஒன்றுமில்லை. ஆயின் இச்சமநிலையைக் காப்பது எழுதுவோர் கடமை. கண் ஒரு பத்தியை மேலோட்டமாகத் தாவிச் செல்லும்; செவியோ சொல்லுக்குச் சொல் கேட்டுச் செல்லவேண்டும். பாதாதிகேசமாக அடிமுதல் முடிவரை நீளும் அலங்கார அடுக்கில், முதன்மையானது இருபதாம் சொல்லாக வருமாயின், செவி அதனை எட்டுமுன்னரே அறையில் உரையாடல் கடந்துபோயிருக்கும். ஆகவே, ஆளை அறிவிக்கும் அடையாளத்தை முதலில் வைத்தலும், வேண்டாதன களைதலும் சொற்சிக்கனம் மாத்திரம் அல்ல. உடனிருப்போர்க்குச் செய்யும் மரியாதையுமாம்.

இதுகாறும் கூறியவற்றால் அறியக்கிடப்பது யாது? எழுத்துலகில் ஆடை கவனிக்கப்படுவது அதன் விலையால் அன்று, நீளத்தாலும் அன்று. செயலோடு இயைந்தும், உடுத்தவர் வாழ்க்கையை உணர்த்தியும், கேட்போர் வினவ இடம் வைத்தும் அமைந்த ஆடையே கவனிக்கப்படும். கதை எழுதப் புகும் நம்மனோர்க்கும் இதிற் பாடம் உண்டு. அச்சிட்ட கதையைப் படிப்போர் சலிப்புற்றால் ஏட்டை மூடிவைப்பர். ஆசிரியன் அதனை அறியான். இவ்விளையாட்டிலோ படிப்போர் எதிரிலேயே நிற்கின்றனர். அவர் வினவினாரா, வாளா கடந்தாரா என்பது உடனே புலப்படும். ஆதலின், பாத்திரத்திற்கு உடை அணிவிக்க விழையும் மாணவ நண்பர்கள், சரிகையை அளக்குமுன் சட்டையின் கறையை நோக்குவாராக. அது எங்ஙனம் படிந்தது என்பதை அறிந்தபின் எழுதுவாராக.