மார்பு நோயாளர் உள்ள வீட்டில் கோழியும் புறாவும்

புதுக்கோட்டை ஜில்லா, குன்றாண்டார்கோவில் வட்டாரத்தில் கோழியில்லாத குடியானவர் வீடு அரிது. முட்டையும் குஞ்சும் விற்ற காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையிலே நிற்பது. மழை தவறி நிலக்கடலை பொய்த்த வருஷத்திலும் பிள்ளைகளின் புத்தகச் செலவுக்கு அதுவே உதவுவது. இளைஞர் சிலர் புறாக்களையும், கூண்டுகளில் லவ் பேர்ட்ஸ் என்னும் சிறு கிளிகளையும் ஆசையாக வளர்க்கின்றனர். இத்தகைய வீடுகள் பலவற்றில், நெடுநாளாக இருமலும் இரைப்பும் கொண்ட முதியவர் ஒருவரும் இருப்பதுண்டு. பீடிப் புகை, விறகடுப்புப் புகை, முன்பு வந்து தீர்ந்த காசநோயின் வடு, சிறு வயது முதல் தொடரும் ஆஸ்துமா ஆகியவை இதற்குப் பொதுவான காரணங்கள்.

இப்படிப்பட்டவரும் பறவைகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாமா என்பது பலரும் கேட்கும் கேள்வி. "எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள்" என்பது சிலருக்கு வீண் நஷ்டத்தை உண்டாக்கும் விடை. "கோழியால் என்ன வந்துவிடும்" என்பது வேறு சிலருக்கு உயிரையே வாங்கும் விடை. யாருக்கு எந்த விடை பொருந்தும் என்பதை எடுத்துக் காட்டுவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

பறவைத் தூசியின் இயல்பு

பறவையின் உடம்பிலிருந்து ஓயாமல் தூசி உதிர்ந்துகொண்டே இருக்கிறது. இறகின்மேல் மாவு போன்ற ஒரு பொடி படிந்திருக்கும். புறாவைக் கையில் பிடித்து விட்டபின் உள்ளங்கையில் ஒட்டியிருக்கும் வெண்பொடி அதுவே. புறா இனத்திலும், காக்கட்டீல் போன்ற கொண்டைக் கிளிகளிலும் இது மிகுதி. இதனுடன் காய்ந்த எச்சத்தின் தூள், தோலின் செதில், தீவனத்தின் தவிடு, படுக்கைக்குப் பரப்பிய உமி அல்லது கடலைத் தோலின் தூள், அதிற் பூத்த பூஞ்சணம் ஆகியவையும் கலந்து காற்றில் மிதக்கும்.

கண்ணுக்குத் தெரியும் பெருந்தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கித் தும்மலாகவும் சளியாகவும் வெளியேறிவிடும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு செய்து, அதில் ஐந்து பங்குக்கு உட்பட்ட நுண்தூசியோ நுரையீரலின் கடைசிச் சிற்றறைகள் வரையிற் சென்று தங்கும். தீங்கு செய்வது பெரும்பாலும் இந்த நுண்தூசியே. ஆகவே, கண்ணுக்குத் தூசி தெரியவில்லை என்பதால் காற்று சுத்தமாயிருக்கிறதென்று நம்பலாகாது.

ஈரம் மிகுந்த எச்சத்திலிருந்து அம்மோனியா என்னும் காரமான வாயு எழும். அதிகாலையில் கொட்டகைக் கதவைத் திறந்தவுடன் கண் எரிந்தால் அவ்வாயு மிகுந்திருக்கிறதென்று அறியலாம். இது ஆரோக்கியமானவருக்கே இருமலைத் தருவது. இரைப்பு நோயாளருக்கு மூச்சுக் குழல்களை உடனே இறுகச் செய்யும்.

நோயாளர் இரு வகையினர்

முதல் வகையினர், புகையினாலோ ஆஸ்துமாவினாலோ மூச்சுக் குழல்கள் கெட்டவர்கள். இவர்களுடைய நோய்க்குப் பறவை மூலகாரணமன்று. ஆனால் புண்ணிற் புழுதி பட்டாற்போல, பறவைத் தூசியும் அம்மோனியாவும் இருக்கின்ற நோயைக் கிளறிவிடும். இவர்கள் தூசிக்கு எட்டாமல் விலகியிருந்தால் போதும். வீட்டிற் பறவை வளர்வதைப் பெரும்பாலும் தடுக்க வேண்டுவதில்லை. ஆஸ்துமாக்காரருள் பறவை இறகே ஒவ்வாதவர் மட்டும் மிகுந்த ஜாக்கிரதையாயிருத்தல் வேண்டும்.

இரண்டாம் வகையினருக்குப் பறவையே மூலகாரணம். இவர்களுடைய உடம்பு, பறவையின் எச்சத்திலும் இறகுப் பொடியிலும் உள்ள புரதத்தைப் பகைப் பொருளாகப் பாவித்து, அது நுரையீரலை எட்டுந்தோறும் அங்கே அழற்சியை உண்டாக்குகிறது. நாளடைவில் பஞ்சு போன்ற நுரையீரல் தழும்பேறி, தோல் போல விறைத்துப்போகும். அப்படித் தழும்பேறிய பாகம் பிறகு எந்த மருந்தாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

நெடுநாள் அறியப்பட்ட வியாதி

தானியத் தூசியால் மூச்சு கெடுவதை, இத்தாலி தேசத்து வைத்தியர் ராமத்சீனி, 1713-ல் வெளிவந்த தம் நூற்பதிப்பில், தானியம் சலிப்போரையும் அளப்போரையும் பற்றிச் சொல்லுமிடத்தில் குறித்திருக்கிறார். 1932-ல் இங்கிலாந்தில் டாக்டர் காம்ப்பெல் என்பவர், பூஞ்சணம் பிடித்த உலர்ந்த புல்லைக் கையாண்ட விவசாயிகளுக்குக் கண்ட மூச்சு நோயை விவரித்தார். அது பின்னர் 'உழவர் நுரையீரல்' எனப் பெயர் பெற்றது. 1965-ல் அமெரிக்காவில் ரீட், சோஸ்மன், பார்பீ என்னும் மூவர், புறா வளர்ப்போருக்கு வரும் இதே ஜாதி நோயை விவரித்து வெளியிட்டனர். கோழி, கிளி, வாத்து முதலியவற்றாலும், இறகு அடைத்த தலையணையாலும்கூட இந்நோய் வரக்கூடும்.

இது மேல்நாட்டு வியாதி, நமக்கில்லை என்று எண்ணுதல் தவறு. நுரையீரல் தசை கெட்டு வரும் நோய்களைப் பற்றி நம் நாட்டின் 27 வைத்திய நிலையங்களில் 1,084 நோயாளரைச் சோதித்து எழுதிய விவரம் 2017-ல் வெளியாயிற்று. அவர்களுள் 100-க்கு 47 பேருக்குக் கண்டது இத்தகைய ஒவ்வாமை நுரையீரல் அழற்சியே. ஏர் கூலரின் அழுக்குத் தண்ணீர், பூஞ்சணம் ஆகியவற்றுடன் பறவைப் பழக்கமும் அதற்கு ஏதுவாகக் குறிக்கப்பட்டிருந்தது.

அடையாளங்கள்

இந்நோய் இரண்டு விதமாக வெளிப்படும். ஒன்று, சடுதியாக வருவது. புறாக்கூட்டையோ கோழிக் கொட்டகையையோ சுத்தம் செய்த 4 முதல் 8 மணி நேரத்திற்குள் குளிர், காய்ச்சல், உடம்பு வலி, வறட்டு இருமல், மூச்சுத் திணறல் உண்டாகி, ஓரிரு நாளில் தானே தணியும். காலையிற் செய்த வேலைக்கு மாலையிற் காய்ச்சல் வருவதால், இரண்டுக்கும் உள்ள சம்பந்தம் புலப்படாமற் போகிறது. மழைக் காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை விழுங்கி, அடுத்த வாரம் மறுபடியும் அதே வேலையைச் செய்வார்கள்.

மற்றொன்று, சிறிது சிறிதாக வருவது. வீட்டினுள் ஒன்றிரண்டு பறவைகளை எந்நேரமும் வைத்திருப்போருக்கு இது வருவதுண்டு. காய்ச்சல் இராது. வறட்டு இருமல் விடாது, ஏற்றத்தில் நடந்தால் மூச்சு வாங்கும், உடம்பு இளைக்கும், சிலருக்கு விரல் நுனிகள் உருண்டு பருக்கும். வயதாகிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வருஷங்களைக் கழித்துவிடுவர். வைத்தியர்களும் பழைய இரைப்பு என்றே கருத இடமுண்டு. அபாயம் மிகுந்தது இவ்விதமே.

நோயாளர் தாமே பறவைகளைப் பராமரிப்பவராயிருக்க வேண்டுமென்பதும் இல்லை. புறா வளர்க்கும் மகனுடைய சட்டையில் ஒட்டிவரும் பொடி, அதைத் துவைக்கும் தாய்க்கு நோயைத் தருவது உண்டு.

டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமலுக்கு, முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்க்காகச் சளியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அதில் ஒன்றுமில்லையென்று தெரிந்தும் இருமல் தொடர்ந்தால், மேற்சோதனைக்குப் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி முதலிய பெரிய ஆஸ்பத்திரிகளை நாடலாம். ஊதிப் பார்க்கும் சோதனையும், ஸ்கேன் படமும் நோய் எவ்வகையது என்பதை அறிய உதவும். இரத்தத்தில் பறவைப் புரதத்துக்கு எதிரான பொருள் இருப்பது மட்டும் போதிய சாட்சியன்று. நோயில்லாத புறா வளர்ப்பாளர் பலருக்கும் அது உண்டு.

சோதனைகளைக் காட்டிலும் முக்கியமானது நோயாளர் சொல்லும் செய்தியாகும். டாக்டர் கேட்காவிட்டாலும் கீழ்க்கண்டவற்றைத் தாமே சொல்லுதல் அவசியம்: வீட்டிலும் அண்டை வீட்டிலும் என்ன பறவைகள் உள்ளன, எத்தனை வருஷமாக உள்ளன, கொட்டகையைச் சுத்தம் செய்பவர் யார், சுத்தம் செய்த நாளில் உடம்பு எப்படியிருக்கிறது, வெளியூரிற் சில நாள் தங்கினால் மூச்சு இலேசாகிறதா, பூஞ்சணம் பிடித்த வைக்கோல், கடலைக்கொடி முதலியவற்றைக் கையாளுகிறாரா. இச்செய்தி ஒன்றினாலேயே நோய் விளங்கிவிடுவதுண்டு.

பறவைகளை வைத்துக்கொள்ளக் கூடியவர் அனுசரிக்க வேண்டியவை

முதல் வகை நோய் என்று டாக்டர் தீர்மானித்தபின், கீழ்க்கண்ட முறைகளைக் கைக்கொண்டு பறவைகளை வளர்த்து வரலாம்.

1. பறவை வீட்டினுள் தங்கலாகாது. இரவில் பஞ்சாரத்தைத் திண்ணையிலும் தாழ்வாரத்திலும் கவிழ்ப்பது வழக்கம். காற்றுக்காக முதியவர் படுப்பதும் அங்கேயே. இவ்விரண்டையும் முதலிற் பிரிக்க வேண்டும்.

2. கொட்டகை வீட்டைவிட்டுத் தள்ளி இருத்தல் வேண்டும். ஆடியில் மேல்காற்றும், ஐப்பசிக்குப் பின் வாடையும் வீசுவதால், வீட்டுக்கு மேற்கிலும் வடக்கிலும் கொட்டகை போட்டால் தூசி வீட்டுக்குள்ளே வரும். மனையின் தென்கிழக்கு மூலை பெரும்பாலும் தகுதியானது.

3. நோயாளர் கொட்டகையைக் கூட்டலாகாது. கூட்டி முடித்த சிறிது நேரம் வரையில் அப்பக்கம் போகவும் கூடாது. இவ்வேலையைக் குழந்தைகளிடமும் ஒப்புவிக்கலாகாது.

4. உலர்ந்த எச்சத்தை அப்படியே பெருக்குதல் பெருந்தவறு. முதலில் தண்ணீரைப் பூவாளியால் தெளித்து, தூசி படிந்தபின் மண்வெட்டியால் வாரி எடுக்க வேண்டும். தரை நனைந்தாற் போதும். சேறாகும்படி ஊற்றினால் அம்மோனியா மிகும்.

5. உமிப் படுக்கை ஈரமான இடத்தில் அதை உடனே அகற்றிப் புது உமி பரப்ப வேண்டும். தண்ணீர்ச் சட்டியைக் கோழி கவிழ்க்காதபடி செங்கலின்மேல் அமர்த்தினால் ஈரம் பெரிதும் குறையும்.

6. வாரிய எருவை வாசலில் உலர்த்தாமல் குழியிலிட்டு மண் மூடி மக்கச் செய்தல் வேண்டும். நன்றாக மக்கிய கோழி எரு நல்ல உரமாகும். ஆகவே இதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

7. சுத்தம் செய்பவர் மூக்கையும் வாயையும் இறுக மூடும் என்-95 முகமூடி அணிதல் நலம். மேல்துண்டைக் கட்டிக்கொள்வதால் நுண்தூசி தடைபடாது. வேலை முடிந்ததும் அத்துணிகளை மாற்றி, கைகால் கழுவியபின்னரே நோயாளர் அருகிற் செல்ல வேண்டும்.

இவையெல்லாம் செய்தும், வீட்டினுள் பீடிப் புகையும் அடுப்புப் புகையும் நிறைந்திருந்தால் பயனில்லை. பீடியை அடியோடு விடுதலே முதல் மருந்து. டாக்டர் கொடுத்த உறிஞ்சும் மருந்தை, பழக்கமாகிவிடுமென்று அஞ்சி நிறுத்தலாகாது. ஆண்டுக்கொருமுறை இன்புளுயன்சாத் தடுப்பூசியும், நிமோனியாத் தடுப்பூசியும் பற்றி டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்வது நலம்.

பறவைகளை விட்டுவிட வேண்டியவர்

இரண்டாம் வகை நோய் என்று தீர்மானமானால், முகமூடியும் தண்ணீர் தெளிப்பும் நம்பத்தக்கவையல்ல. பறவைகள் வீட்டைவிட்டுப் போயே தீர வேண்டும். காய்ச்சல் நின்றுவிட்டதே, இரண்டு புறாவை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை கூடாது. நோயைத் தணிக்க மருந்துகள் உண்டு. தூசி வந்துகொண்டிருக்கும் வரையில் அம்மருந்து ஓட்டைப் பானையில் வார்த்த நீராகும்.

பறவைகள் போனபின்னும் அவற்றின் பொடி சுவரிலும் பாயிலும் பல மாதங்கள் தங்கியிருக்கும். நோயாளரை உறவினர் வீட்டில் இருத்திவிட்டு, கூண்டு, பழைய பாய், தலையணைகளை அகற்றி, சுவரையும் தரையையும் ஈரத்துணியால் துடைத்து, வெள்ளையடித்தபின் அவரை அழைத்து வருதல் உத்தமம்.

வருமானம் போகிறதே என்ற கவலை நியாயமானது. ஆடுகளை வாரத்துக்கு விடுவதுபோல, கோழிகளையும் வேறு வீட்டாரிடம் வாரத்துக்கு விட்டு, குஞ்சிலும் முட்டையிலும் பங்கு பெறலாம். அல்லது அம்முதலைக் கொண்டு வெள்ளாடு வாங்கலாம். கோழிக்குப் பதிலாகக் காளான் வளர்க்கலாமென்று சிலர் எண்ணக்கூடும். சிப்பிக் காளானின் வித்துத் தூளும் இதே நோயைத் தரவல்லது. ஆகையால் இவ்வீடுகளுக்கு அது ஏற்றதன்று.

தொற்று நோய்கள்

கிளி, புறா முதலியவற்றின் எச்சத் தூளினால் கிளிக் காய்ச்சல் என்னும் கிருமி நோயும் மனிதருக்கு வருவதுண்டு. 1929-ன் இறுதியிலும் 1930-லும், தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய கிளிகளால் இது பல தேசங்களிற் பரவியது. இப்போது டாக்சிசைக்ளின் மருந்தால் இது குணப்படும். பறவை வளர்ப்பதை டாக்டரிடம் தெரிவித்தால்தான் அம்மருந்து உரிய காலத்திற் கிடைக்கும். இனி, நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டிலடைத்து வளர்ப்பது 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் அறிதல் வேண்டும்.

பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் கோழிகளுக்குக் கண்டது. கோழிகள் கூட்டமாக மடிந்தால், செத்தவற்றைக் கையாலெடுக்காமலும் குளத்தில் எறியாமலும் உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மார்பு நோயாளர் அவ்விடத்தை அணுகவே கூடாது.

முடிவுரை

கோழி வளர்ப்பு சிறு குடியானவர் வீட்டுக்கு ஏற்ற தொழிலென்பதில் ஐயமில்லை. அதன் லாபத்தைக் கணக்கிடும்போது, வீட்டிலுள்ளவர் விடும் மூச்சையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். இரைப்பு நோயாளர் உள்ள ஒவ்வொரு வீட்டாரும் அடுத்தமுறை ஆஸ்பத்திரிக்குச் செல்லுகையில், வீட்டிற் பறவை உண்டென்பதை மறவாமற் சொல்லுவார்களாக. அங்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்து, கொட்டகையைத் தள்ளி வைப்பதா, பறவைகளை அகற்றுவதா என்று முடிவு செய்தல் தகும். அதுவரையில், பஞ்சாரத்தை இன்றிரவே திண்ணையைவிட்டு அப்புறப்படுத்துதல் யாவராலும் கூடியதே.