கேலரிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு

மே மாதம் லட்சுமி அம்மாள் நினைவுப் போட்டி தொடங்கிவிட்டால் கோவில்பட்டி கிருஷ்ணா நகர் மைதானத்துக்கு ஊர் திரண்டு வரும். அந்தக் கூட்டத்தில் பெண்கள் இன்னும் கொஞ்சம் பேர்தான். ரசிகர் குழுவில் புதிதாகச் சேரும் தம்பி தங்கச்சிகளுக்கு, மூத்தவளாகச் சில சொல்கிறேன்.

1. தம்பி, பக்கத்துப் படியில் ஒரு பெண் உட்கார்ந்தால் அவள் ஆட்டம் பார்க்க வந்திருக்கிறாள். பெனால்டி கார்னர் என்றால் என்னவென்று பாடம் நடத்தாதே. பள்ளி அணியில் ஆடியவளாகக்கூட இருப்பாள்.

2. ஹாக்கி குனிந்து ஆடும் ஆட்டம். மட்டையைத் தரையோடு படுக்க வைத்துப் பந்தைத் தடுக்கும் பெண் பிள்ளையின் திறமையைப் பார். அந்த நொடிக்காகவே செல்போனில் பெரிதாக்கிப் படம் பிடிக்கிறவனை ரசிகன் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்படி ஒரு படம் வாட்ஸ்அப் குழுவில் வந்தால், எல்லோரும் பார்க்க அங்கேயே 'அழி' என்று சொல்லுங்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் அவன் மானம் தப்பும். ஆனால் குழு தன் பக்கம் நிற்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலே போகும்.

3. குழுவில் கிடைத்த ஒரு பெண்ணின் நம்பர் ஆட்ட நேரம் சொல்லத்தான். ராத்திரி 'சாப்பிட்டாச்சா' என்று கேட்க இல்லை. வேண்டாம் என்று காட்டிய பிறகும் விடாமல் தொடர்ந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆம் பிரிவில் முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை. 'அக்கா' என்று ஆரம்பித்து அனுப்பினாலும் இதுதான்.

4. நடுவர் சின்னத் தப்புக்கே பச்சை அட்டை காட்டி 2 நிமிஷம் வெளியே உட்கார வைக்கிறார். மண்டை உடையட்டும் என்று காத்திருப்பதில்லை. கேலரியிலும் முதல் விசிலுக்கே, முதல் கமென்ட்டுக்கே தடுக்க வேண்டும். தடுக்க வேண்டியது விசில் அடித்தவனின் சேக்காளிகள். விட்டுவிட்டால் உயிரே போகலாம். 1998-இல் சென்னைக் கல்லூரி மாணவி சரிகா ஷா, தெருவில் சீண்டிய கும்பலால் உயிரிழந்தார். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் இப்படிச் சீண்டுவதைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்தது. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்துத்தான் அதைப் பெற்றோம்.

5. தோல்வியிலும் மரியாதை வேண்டும். 2021 ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி தோற்றபோது, ஹரித்வார் பக்கம் அணியின் வீராங்கனை வந்தனா கட்டாரியா வீட்டு வாசலில் வெடி போட்டு, சாதி சொல்லித் திட்டினார்கள். அதே ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த பெண் அவர்!

6. எட்டயபுரம், கழுகுமலைப் பக்கத்துப் பிள்ளைகள் கடைசி பஸ்ஸை நினைத்து நாலாவது குவார்ட்டரைப் பார்க்காமலே கிளம்புகிறார்கள். குழு நடத்துகிறவர்கள் இதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் சேர்ந்து போக ஆட்டோ பேசி வையுங்கள். 'நான் பைக்கில் விடுகிறேன்' என்று எவரும் வற்புறுத்தக் கூடாது. தங்கச்சி, மனசுக்கு ஒப்பவில்லை என்றால் காரணம் சொல்லாமல் எழுந்து இடம் மாறு. பெண்கள் உதவி எண் 181-க்கு எந்த நேரமும் பேசலாம். குழுவில் புகார் கேட்க இரண்டு பெண்களை நியமித்து, அவர்கள் பெயரையும் நம்பரையும் முதல் நாளே எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.